இரண்டாவது குதிரை

ஐயா, பொறுத்தருள வேண்டும். அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். தாகமாக இருந்தால் என் பையில் வேறொன்று இருக்கிறது, அதை எடுத்துக் குடியுங்கள். இது குடிப்பதற்கு உரியது அன்று. பார்வைக்குத் தண்ணீர்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னும் சற்று நேரத்தில் இது என் வியர்வையாக மாற இருக்கிறது.

அப்படி ஜன்னல் ஓரமாக ஒதுங்க வேண்டியதில்லை, ஐயா. என் சித்தம் தெளிவாகவே இருக்கிறது. வையாபுரி என்பது என் பெயர். ஈரோட்டில் நல்வழி மன்றம் என்று ஓர் அமைப்பு உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? பரவாயில்லை. அதன் செயலாளர் நான். பேச்சாளரும் நானே. சித்தோட்டுக்கு முந்தைய நிறுத்தத்தில், வாய்க்கால் பாலத்தில், நான் இறங்கிவிடுவேன். அதற்குள் நடந்ததைச் சொல்லி முடித்துவிடலாம். சுருங்கப் பேசுவதே என் இயல்பு.

எல்லாம் என் மகளின் வளைகாப்பில் தொடங்கியது. மகள் பெயர் அறச்செல்வி. அவளைச் சித்தோட்டில் வெல்ல மண்டி வைத்திருக்கும் சென்னியப்பன் என்பவரின் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். சென்னியப்பன் நல்ல மனிதர். குறை என்று சொல்லப்போனால் ஒன்றுதான்: கேட்கும் பொறுமை இல்லை.

வளைகாப்பு விருந்து. இலை போட்டாயிற்று. எல்லாம் பரிமாறியாயிற்று. "சாப்பிடுவதற்கு முன் இரண்டே நிமிடம்" என்று சொல்லி நான் எழுந்தேன். பரிமாறிய பின் பேசுவதில் ஒரு நுட்பம் உண்டு, ஐயா; நீங்களும் மேடையேறினால் பயன்படும். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்து போக மாட்டார். உணவில் அளவு காப்பது குறித்து ஒரு கதை சொன்னேன். ஒரு மன்னனிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. முதற்குதிரை கொள்ளுப் பயற்றைக் கண்ட மாத்திரத்தில் வாய் வைத்துவிடும். அக்குதிரையின் இழிவை விரித்துரைத்தேன். விரித்துரைக்க வேண்டாமா? தீமையைத் தெளிவாகக் காட்டினால்தானே நன்மை விளங்கும்? அப்பளம் நமத்துப் போயிற்று என்றார்கள். பாயசத்தில் ஆடை படிந்தது என்றார்கள். ஐஸ்கிரீம் ரசத்தில் ஓடிக் கலந்தது என்றுகூட ஒருவர் சொன்னார். நான் சொல்லிக்கொண்டிருந்தது அளவைப் பற்றி. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அப்பளத்தை.

சென்னியப்பன் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு இலையில் உட்கார்ந்தவர். அது எனக்குத் தெரியாது. கை நடுங்கியதாம், நெற்றி வியர்த்ததாம். சட்டைப் பையிலிருந்து அச்சுவெல்லம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். ஒரு பருக்கை தொடாமல் சம்பந்தி இலையை மூடினார், ஐயா. இரண்டாவது குதிரை வருவதற்குச் சற்று முன்னால்! இன்னும் சற்றே பொறுத்திருந்தால் அந்தக் கதையின் அழகு அவருக்கே விளங்கியிருக்கும்.

"ஏனுங்க, சோத்த முன்னால வெச்சுப்போட்டு, குதிரயப் பத்திப் பேசறதுக்கா எங்களைக் கூப்புட்டீங்க?" என்றார்.

"சம்பந்தி, இரண்டாவது குதிரை..." என்று தொடங்கினேன்.

"அது எங்க வேணா போகட்டுமுங்க. பொண்ணப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன். அந்தக் கொழந்தை பொறந்ததும் மொதமொதல்ல கேக்கற சத்தம் உங்க சத்தமா இருக்கக் கூடாது."

தலைப்பிரசவம், ஐயா. தாய்வீட்டில் நடக்க வேண்டியது. மகளை வண்டியில் ஏற்றிச் சித்தோட்டுக்கே திருப்பி அழைத்துப் போய்விட்டார்கள். என் மனைவி சுலோச்சனா பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போனாள். சில நாள் கழித்து மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னார்: "மாமா, எங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொல்றாரு. நீங்க எப்ப வேணா வரலாமாம். வாயத் தொறக்காம வரோணுமாம்."

நான் என்ன செய்வது? நல்லது சொல்லும் வாயை மூடிக்கொண்டு உறவு கொண்டாடுவதா? போகவில்லை. பெண்குழந்தை பிறந்தது. போகவில்லை. தன்விகா என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பொருள் என்ன என்று கேட்டேன், எவருக்கும் தெரியவில்லை. அப்போதும் போகவில்லை. மனைவி வீடு திரும்பியபின் அவ்வப்போது கைப்பேசியில் படம் காட்டுவாள். "கழுத்து நின்னுடுச்சு" என்பாள். "குப்புற விழுந்துட்டா" என்பாள். நான் செய்தித்தாளை மடித்தபடி "அப்படியா" என்பேன். வேறு என்ன சொல்ல? படத்தைப் பார்த்து என்ன பேசுவது? சில நாள் அவள் தூங்கிய பிறகு அந்தக் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதுண்டு, நேரம் தெரிந்துகொள்வதற்காக.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஓட்டப்பந்தயம் வந்தது. ஊரில் ஒரு மருத்துவமனைக்காரர்கள் இதய நலத்துக்காக நடத்தினார்கள். இருபத்தொரு கிலோமீட்டர். ஈரோட்டில் தொடங்கிப் பவானியில் முடிகிறது. நேர்வழியில் அவ்வளவு தூரம் வராது என்று, இரண்டு ஊர்களைச் சுற்றி வளைத்துவிட்டு அப்புறம் சித்தோட்டுக் கடைவீதி வழியாகப் பாதை போட்டிருந்தார்கள். அந்தப் பாதையை நான் பார்க்கவே இல்லை. அதாவது, பார்த்தேன். பார்த்த பிறகுதான் சேர்ந்தேன். ஆனால் அதற்காகச் சேரவில்லை. உடலை ஆள்பவன் உலகை ஆள்வான் என்ற தலைப்பில் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். பேசியதைச் செய்து காட்ட வேண்டாமா? அதற்காகத்தான் சேர்ந்தேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். என் மனைவியும் இப்படித்தான் சிரித்தாள்.

நான் அதற்கு முன் ஓடியதில்லை, ஐயா. பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. அடுத்த பேருந்து வரும் என்பது என் கொள்கை. ஆகவே பூங்காவில் ஓடிப் பழகும் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஷர்மிளா என்று ஓர் இளம்பெண் பயிற்சி கொடுத்தாள், உடற்பயிற்சி ஆசிரியை. முதல் நாளே சொன்னாள்: "பேசிட்டே ஓடுற வேகம்தான் சார் உங்க வேகம். பேச முடியலேன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். குறைச்சுக்கணும்."

எனக்கு மெய்சிலிர்த்தது. ஓட்டத்துக்கு இப்படி ஓர் அளவுகோல் இருக்கும் என்று எவர் நினைத்தார்?

"எவ்வளவு பேச வேண்டும், அம்மா?" என்று கேட்டேன்.

"சும்மா ரெண்டு வார்த்தை சார்."

"எதைப் பற்றி?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்க இஷ்டம் சார்" என்றாள்.

பார்த்தீர்களா? மற்றவர்கள் காலைப் பழக்கினார்கள். நான் உரை தயாரித்தேன். தொடக்கத்திலிருந்து முதல் தண்ணீர்ப் பந்தல் வரை பணிவு. அங்கிருந்து ரயில்வே கேட் வரை சிக்கனம். அதன்பின் நேரந்தவறாமை. இடையிடையே இரண்டு குதிரைகள். அந்தக் கதை எந்தத் தலைப்புக்கும் பொருந்தும். குழுவினர் காட்டிய ஆர்வத்தைச் சொல்லியாக வேண்டும். காலை ஐந்தரைக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள், நான் சேர்ந்த வாரமே ஐந்துக்கு மாற்றினார்கள். நான் ஐந்துக்குப் போனேன். நாலரைக்கு மாற்றினார்கள். நாலரைக்குப் போனேன். பிறகு வேறு பூங்காவுக்கே மாறிவிட்டார்கள். ஒருவர் உண்மையாக முயன்றால் சுற்றியிருப்பவர்களும் எப்படி உயர்கிறார்கள் என்று பாருங்கள்.

கண்டக்டர் தம்பி, வாய்க்கால் பாலம் வந்தால் சொல்லுங்கள். என்ன, ஒவ்வொரு வாரமும் சொல்கிறேனா? சொல்வதில் தவறில்லை.

பந்தய நாள். விடியும் முன்பே கூட்டம். என் பக்கத்தில் சாதிக் பாய் நின்றார். ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், பருத்த உடல்வாகு, அவருக்கும் இது முதல் ஓட்டம். "சார், முடிச்சாப் போதும். தூக்கிட்டுப் போற மாதிரி ஆகாம இருந்தாச் சரி" என்றார். கொடி அசைந்தது. கூட்டம் நகர்ந்தது. நானும் அவரும் சேர்ந்தே ஓடினோம். பணிவைப் பற்றித் தொடங்கினேன். "ஒரு மன்னனிடம் இரண்டு குதிரைகள் இருந்தன, பாய்..."

பாய் சற்று வேகம் கூட்டினார். நானும் கூட்டினேன்.

"பாய், மெதுவாக. நாம் தொடக்கநிலையாளர்கள்."

"இல்லீங்க சார், இன்னிக்கு என்னமோ நல்லா வருதுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த உடம்போடு அவர் எடுத்த ஓட்டம் இருக்கிறதே, ஐயா, முன்னால் போன கல்லூரிப் பிள்ளைகளைக் கடந்து, வளைவில் திரும்பி மறைந்துவிட்டார். மறுநாள் தொலைபேசியில் அழைத்து, தம் வயதுப் பிரிவில் மூன்றாவதாக வந்ததாகச் சொன்னார். "எல்லாம் உங்களாலதான் சார்" என்றார். அதற்கு மேல் ஒரு பேச்சாளனுக்கு என்ன பரிசு வேண்டும்?

அடுத்து ஓர் இளைஞன் கிடைத்தான். என்ன பொறுமை! நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். இப்படியும் இந்தக் காலத்துப் பிள்ளை உண்டா என்று நெகிழ்ந்து, கதையை முதலிலிருந்து விரிவாகச் சொன்னேன். தண்ணீர்ப் பந்தலில் நின்றபோது காதிலிருந்து இரண்டு குமிழ்களைப் பிடுங்கிக்கொண்டு, "சார், ஏதாச்சும் சொன்னீங்களா?" என்றான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவன் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டான்.

நிறையப் பேர் அப்படி ஓடினார்கள். என் அருகில் வந்தவர் எல்லாருக்கும் ஒரு புத்துணர்ச்சி வந்ததைக் கண்ணால் கண்டேன். பிறகு எவரும் இல்லை. நாற்சந்தியில் ஒரு காவலர் நின்றிருந்தார். அவர் இடத்தை விட்டு நகர முடியாதவர், நல்ல வாய்ப்பு. நேரந்தவறாமையைப் பற்றி அவரிடம் ஆழமாகப் பேசினேன்.

"சார்," என்றார் அவர், "நீங்க ரேஸ்ல இருக்கீங்க."

"தெரியும்."

"எல்லாரும் போயிட்டாங்க."

"போகட்டும். அவரவர் வேகம் அவரவர்க்கு."

"ஐயா, நீங்களும் போனீங்கன்னா நான் டீ குடிக்கப் போவேன்."

கடமையில் இருப்பவரைத் தடுக்கக் கூடாது என்று கிளம்பினேன். அப்போதுதான் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வருவதைக் கண்டேன். கடைசியாக வருபவருக்குப் பின்னாலேயே வரும் வேன் அது. முடியாதவரை ஏற்றிக்கொள்ளும், கடைசி ஆள் கடந்த பிறகு, பின்னாலேயே சாலையைத் திறந்துவிடும். உள்ளே பச்சைச் சட்டை போட்ட ஒரு தொண்டர்ப்பெண். நான் வேனோடு சேர்ந்து நடந்து, அவளுக்குச் சிக்கனத்தைச் சொன்னேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கண்ணாடி வழியாகக் கேட்க வேண்டுமே என்று உரக்கப் பேசினேன். வெயில் ஏறிவிட்டது. சித்தோட்டு மேட்டில் வரும்போது, ஐயா, என் வாழ்நாளில் நடக்காதது நடந்தது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமினேன், செருமலும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று ஷர்மிளா சொல்லியிருந்தாள். ஆகவே வேகத்தைக் குறைத்தேன். ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தேன், அதையும் குறைத்தேன். ஒரு நாய் என்னைக் கடந்து போயிற்று.

சென்னியப்பனின் மண்டி சாலையோரத்தில்தான் இருக்கிறது. வீடு அதன் பின்னால். மண்டி வாசலில் பந்தல் போட்டு, ஓடுகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்டா ஏறக்குறையக் காலி. என்னைக் கண்டதும் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. என்னை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஓரடி பின்வாங்கினார். நான் பேசப்போகிறேன் என்று.

நான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்னுங்க சம்பந்தி, பேச்சே காணோம்?"

தலையை ஆட்டினேன்.

"நெசமாலுமே பேசலீங்களா?"

மறுபடி ஆட்டினேன். அந்த மனிதரின் முகம் எப்படி மாறிற்று தெரியுமா? சொம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "செல்வி! கண்ணு! வெளிய ஓடி வா! உங்கப்பா வந்திருக்காரு! வாயத் தொறக்காமயே வந்திருக்காரு!"

நான் ஏதோ மனம் மாறி, அவருடைய நிபந்தனைக்குப் பணிந்து வந்திருப்பதாக எண்ணிக்கொண்டார். அப்படி இல்லை, தொண்டை அடைத்துவிட்டது என்று சொல்ல விரும்பினேன். சொல்லத்தான் முடியவில்லையே. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். உட்கார வைத்தார். இலை போட்டார். இட்லி, பணியாரம், தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய சந்தகை, அதாவது நம் பக்கத்து இடியாப்பம். பசி, ஐயா! கையை நீட்டினேன்.

"இருங்க, கை வெக்காதீங்க," என்றார் சென்னியப்பன். கரண்டியைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். தொண்டையைச் செருமினார். "சாப்படறதுக்கு முன்னால நானும் ரெண்டே நிமிஷம் பேசோணும்."

பேசினார். மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். அன்று கை நடுங்கியதைச் சொன்னார். மண்டிக்கு வருகிறவர்கள் எல்லாம் குதிரை என்ன ஆயிற்று என்று கேட்டுச் சிரித்ததைச் சொன்னார். பேத்திக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, என்னைக் கூப்பிடவும் முடியாமல் விடவும் முடியாமல் நாளையே தள்ளிப் போட்டதைச் சொன்னார். ஒரு பேச்சாளன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டுக்கோப்பு இல்லை. ஓர் உவமை இல்லை. கதையே இல்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில் அவருக்குக் குரல் தழுதழுத்தது. அந்த இடத்தை நன்றாகக் கையாண்டார்.

இதற்குள் வெளியே ஒலிப்பான் சத்தம். பச்சைச் சட்டைப்பெண் உள்ளே வந்துவிட்டாள்.

"சார், நீங்கதான் கடைசி ஆளு. நீங்க போனாத்தான் ரோட்டத் தொறப்போம். ஓடறீங்களா, விட்டுர்றீங்களா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

ஒரு வார்த்தை! என்னிடம்! என்னிடம் அப்போது அது இல்லை, ஐயா.

"அவுரு பேச மாட்டாரும்மா," என்றார் சம்பந்தி. "இப்ப நான் பேசீட்டிருக்கேன். ஒக்காரு கண்ணு, பணியாரம் சாப்புடு."

சாலையில் பேருந்துகள் நின்றன. பால் வண்டி நின்றது. பின்னாலேயே லாரி ஓட்டுநர் ஒருவர் தலையை நீட்டினார். "மொதலாளி, நம்ம லோடுதானுங்க மொதல்ல நிக்குது. பாலக்காடு போகோணும்."

"நிக்கட்டும்!" என்றார் சென்னியப்பன். "நான் இன்னும் வளைகாப்பயே தாண்டல."

நாற்சந்தியில் நின்ற காவலர்கூட வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும், "மறுபடியும் நீங்களா?" என்று கதவிலேயே நின்றார். அவருக்கும் ஓர் இலை போட்டார்கள். சந்தகை ஆறிக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பால் இறுகிக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் உணவின் முன்னால் உட்கார்ந்து இன்னொருவன் பேச்சைக் கேட்பது எத்தனை கொடுமை என்று... சரி, அது வேறு செய்தி. என் உரைகளில் உள்ளடக்கம் இருக்கும்.

அப்போது அறச்செல்வி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

நான் அந்தக் குழந்தைக்கென்று ஓர் அறிவுரையைத் தயாரித்து வைத்திருந்தேன். முதற்சந்திப்பில் சொல்ல வேண்டியது. சொல்ல முடியவில்லை. அது என் மீசையைப் பார்த்தது. மீசையை இழுத்தது. பிறகு என் மார்பில் ஊசி குத்தி மாட்டியிருந்த எண் அட்டையைப் பிடித்தது. ஓடுகிறவர்களின் கணக்கெல்லாம் அந்த அட்டையில்தான், ஐயா. அதற்குள் ஒரு சில்லு இருக்கிறது. அட்டை போனால் ஆள் போனான். குழந்தை அதை இரண்டு கையாலும் பற்றி, பர்ரென்று கிழித்து, வாயில் வைத்துக்கொண்டது.

தொண்டர்ப்பெண் மெதுவாக வந்து அதன் வாயிலிருந்து அட்டையை எடுத்தாள். எச்சிலைத் துடைத்துப் பார்த்தாள். வெளியே போய் யாரிடமோ சொன்னாள்: "அண்ணா, அவரு விலகிட்டாரு. ரோட்டத் தொறங்க."

லாரி கிளம்பியது. எல்லாரும் கை தட்டினார்கள், எதற்கென்று தெரியவில்லை. சென்னியப்பன் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "இது ஆறிப்போச்சுங்க சம்பந்தி, சூடா வேற கொண்டு வரச் சொல்றேன்" என்றார். என் இலையை அவரே எடுத்துப் புது இலை போட்டார்.

அன்று பகல் முழுவதும் அங்கேயே இருந்தேன். குரல் திரும்பவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். பிரசவத்தில் பயந்ததைச் சொன்னாள். மாமியார் கை பிடித்துக்கொண்டதைச் சொன்னாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது, ஐயா. சின்ன வயதிலிருந்து வாயே திறக்காத பெண். யாரைக் கொண்டு பிறந்தாளோ என்று நாங்களே வியப்போம்.

கிளம்பும்போது சம்பந்தி வாசல்வரை வந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாங்க. வாராவாரம் வாங்க. ஆனா ஒண்ணு: ஓடித்தான் வரோணும். பஸ்ஸுல வந்தாக் கதவு தொறக்க மாட்டேன்."

என் முன்மாதிரியைக் கண்டு அவருக்கும் உடற்பயிற்சியில் மதிப்பு வந்துவிட்டது. பேச்சால் ஆகாதது செயலால் ஆனது. இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதிலிருந்து வாரந்தோறும் ஓடினேன். ஈரோட்டிலிருந்து சித்தோடு வரை. முதல் சில வாரம் போய்ச் சேரும்போது குரல் போயிருக்கும். பிறகு உடம்பு பழகிவிட்டது. மூச்சு வாங்கவில்லை, குரலும் போகவில்லை. ஆயினும் அங்கே போய் வாயைத் திறக்கவில்லை. ஓடி வந்தவன் உடனே கணீரென்று பேசினால், ஓடியதில் உழைப்பே இல்லை என்று தோன்றிவிடும் அல்லவா? அதனால்தான். வேறு காரணம் இல்லை. குழந்தை மடியில் வந்து உட்காரும். அது என்னென்னவோ பேசும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும்.

சென்ற மாதம் முழங்கால் வீங்கிவிட்டது. "இனி ஓடினால் நடக்கவும் முடியாது, மூன்று மாதம் ஓட்டம் என்ற பேச்சே கூடாது" என்றார் மருத்துவர். மூன்று மாதம்! குழந்தை அதற்குள் நடக்கத் தொடங்கிவிடும். ஒரு ஞாயிறு போகாமல் இருந்து பார்த்தேன். செய்தித்தாளை மடித்தேன், விரித்தேன். மடித்தேன், விரித்தேன். அன்று மன்றத்தில் பேசுவதற்குக்கூட வார்த்தை வரவில்லை. முடியவில்லை, ஐயா.

ஆகவே ஒரு சிறு ஏற்பாடு. இந்தப் பேருந்து. இந்தப் பனியன், இந்தக் காலணி. முந்தைய நிறுத்தத்தில் இறங்குவது. பாட்டில் தண்ணீரைத் தலையிலும் தோளிலும் ஊற்றிக்கொள்வது. மண்டி தெரியும் வளைவிலிருந்து மட்டும் நொண்டாமல் மெல்ல ஓடிக்காட்டுவது. இதில் பொய் எதுவும் இல்லை. நான் எவரிடமும் ஓடி வந்தேன் என்று சொல்வதில்லை. நான்தான் பேசுவதே இல்லையே! பொய் என்பது வாயால் சொல்வது. இதைப் பற்றி மன்றத்தில் தனி உரையே ஆற்றியிருக்கிறேன்.

போன வாரம் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்துவிட்டேன். வழக்கம்போல வாசலில் போய் நின்றேன். சம்பந்தி துண்டை எடுத்து என் கழுத்தைத் துடைத்தார். துடைத்த கை நின்றது.

"ஏனுங்க சம்பந்தி, உங்க வேர்வை மட்டும் ஏன் ஐஸாட்டம் சில்லுன்னு இருக்குது?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னையே பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். குழந்தை உள்ளிருந்து தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தது. அவர் குனிந்து அதை எடுத்து என் கையில் கொடுத்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, "சம்பந்திக்கு எலை போடுங்க. சூடா இருக்கோணும்" என்றார். அவ்வளவுதான்.

மாலையில் வழியனுப்பும்போது மட்டும் தோளைத் தட்டிச் சொன்னார்: "அடுத்த வாரம் ஃப்ரிட்ஜ் தண்ணி வேண்டாமுங்க. சளி புடிக்கும். பேத்திக்கும் ஒட்டிக்கும்."

நல்ல மனிதர். பொதுவாக எல்லாருக்கும் சொல்லும் ஆரோக்கிய அறிவுரைதான். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை; பேருந்து நிறுத்தம் அங்கிருந்து பார்த்தால் தெரியாது, நான் சோதித்துவிட்டேன். ஆனாலும் பெரியவர் சொன்னதை மதிக்க வேண்டும். தொட்டுப் பாருங்கள், இது குழாய்த் தண்ணீர். வெதுவெதுப்பாக, இயற்கையாக இருக்கிறதல்லவா?

இதோ, பாலம். விசில் அடித்துவிட்டார்கள். ஐயா, போகும் முன் உங்களிடம் ஓர் உதவி. முன்பக்கம் நானே ஊற்றிக்கொள்வேன். முதுகுப் பக்கம் எனக்கு எட்டுவதில்லை. போன வாரம் முதுகு காய்ந்தே இருந்தது. நான் இறங்கி உங்கள் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறேன். நீங்கள் கையை நீட்டி, மெதுவாக...

தம்பி, ஒரு நிமிடம் பொறுங்கள், வண்டியை எடுக்காதீர்கள்!

இதோ நிற்கிறேன், ஐயா. ஊற்றுங்கள். இன்னும் சற்று. கழுத்துக்குப் பின்னால். ஆமாம், அங்கேதான். போதும், போதும். மிக்க நன்றி.

என்ன கேட்கிறீர்கள்? இரண்டாவது குதிரையா?

முதன்முதலில் ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறார். கேட்பதற்கென்று நேரம் பார்த்தீர்களே, ஐயா! அதோ, வளைவில் யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பது தெரிகிறது. இனி நான் பேசக் கூடாது.